பத்து ஆராங் நிலக்கரியும் நிலத்தடி வாயுவாக்கச் சிந்தனையும்: வட சிலாங்கூர்த் தொழிலாளர் வரலாறு குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை நடுவாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நார்மன் பார்மர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட காலனித்துவத் தொழிலாளர் கொள்கை பற்றிய நூல் ரப்பர்த் தொழிலையே களமாகக் கொண்டது. கெர்னியல் சிங் சாந்து (1969), சின்னப்பா அரசரத்தினம் (1970) ஆகியோரின் நூல்கள் பரந்த பார்வை உடையன. எனினும் அவற்றிலும் தோட்டமே பெரும்பகுதியை நிறைத்து நிற்கிறது. தமிழர்களில் பெரும்பான்மையோர் தோட்டங்களில் வாழ்ந்தனர் என்பதால் இது இயல்பானதே. ஆயினும், இவ்வழக்கம் வேறு சில களங்களை நம் பார்வையிலிருந்து விலக்கிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்று நிலக்கரி.

ஜெராம் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த இக்கட்டுரையாளருக்குக் 'கரி' என்றால் இளமையில் அடுப்புக்கரியும் இஸ்திரிப் பெட்டியில் இடும் சிரட்டைக்கரியுமே நினைவுக்கு வரும். ஜெராமிலிருந்து நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், பிரிட்டிஷ் மலாயாவின் மிகப் பெரிய நிலக்கரிச் சுரங்கம் 45 ஆண்டுகள் இயங்கியது என்பதை அவர் அறிந்தது முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் ஆவணக் காப்பகமொன்றில் அமர்ந்திருந்தபோதுதான். சொந்த ஊரின் அண்டை நிலத்தை அறியக் கடல் கடக்க வேண்டியிருந்தது. இவ்வறியாமை தனியொருவருக்கு மட்டும் உரியதன்று என்றே தோன்றுகிறது.

பத்து ஆராங் சுரங்கத்தின் வரலாற்றை, அது தொடங்கிய அதே ஆண்டுகளில் உலகில் பேசப்பட்ட ஒரு தொழில்நுட்பச் சிந்தனையோடு இணைத்துப் பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது. நிலக்கரியைத் தோண்டி எடுக்காமல், அது கிடக்கும் இடத்திலேயே எரித்து வாயுவாக மாற்றி, குழாய் வழியே மேலே கொண்டுவரலாம் என்பதே அச்சிந்தனை. அது பத்து ஆராங்கில் செயற்படுத்தப்பட்டதில்லை. அவ்வாறிருக்க இவ்விணைப்பு எதற்கு என்னும் வினா எழலாம். மனிதனை நிலத்தடியிலிருந்து விடுவிப்பதாகக் கூறிய ஒரு சிந்தனையை, மனிதர்கள் நிலத்தடிக்கு அனுப்பப்பட்ட ஓர் இடத்தில் நிறுத்திப் பார்க்கும்பொழுது, இயந்திரம் யாருக்காக வருகிறது என்னும் பழைய கேள்வி தெளிவாகப் புலப்படுகிறது. வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழர்களும் பின்னாளில் அதே கேள்வியை எதிர்கொண்டனர்.

ஒரு சிந்தனையின் தோற்றம்

நிலத்தடி வாயுவாக்கத்தின் அடிப்படை எளியது. நிலக்கரி அடுக்கு வரை இரண்டு துளைக்கிணறுகள் இறக்கப்படுகின்றன. ஒன்றின் வழியாகக் காற்றோ ஆக்சிஜனோ, சில வேளைகளில் நீராவியுடன் சேர்த்து, உள்ளே செலுத்தப்படுகிறது. நிலக்கரியில் தீ மூட்டப்படுகிறது. காற்று அளவோடு செல்வதால் நிலக்கரி முழுமையாக எரிவதில்லை. எரிந்த பகுதியில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் அடுத்துள்ள சூடான கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. சிறிதளவு மீத்தேனும் உண்டாகிறது. இக்கலவை மற்றக் கிணற்றின் வழியே மேலே வருகிறது. சாம்பல் கீழேயே தங்கிவிடும். கரி இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சும்.

கிடைக்கும் வாயு வளமானதன்று. காற்றைச் செலுத்திப் பெறும் வாயுவின் வெப்ப ஆற்றல் ஒரு கன மீட்டருக்கு 4 முதல் 5 மெகாஜூல் அளவினது; இது இயற்கை எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆக்சிஜனைச் செலுத்தினால் இவ்வளவு இருமடங்காகும், செலவும் கூடும்.

1868ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்ஸ், சுரங்கங்களில் கைவிடப்படும் தூள்கரியையும் கழிவுக்கரியையும் கீழேயே வாயுவாக்கலாம் என்று லண்டனில் கூறினார். 1888இல் ரஷ்ய வேதியியலறிஞர் மெண்டலீவ், நிலக்கரியை மேலே கொண்டுவராமலே வாயுவாக்கிக் குழாய்களில் தொலைதூரம் அனுப்பும் காலம் வரும் என எழுதினார். 1909, 1910ஆம் ஆண்டுகளில் அமெரிக்கரான ஆன்சன் பெட்ஸ் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். இச்சிந்தனையைப் பொதுமக்களிடையே பரப்பியவர் நோபல் பரிசு பெற்ற வேதியியலறிஞர் வில்லியம் ராம்சே ஆவார். (பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை அமைக்கலாம் எனப் பரிந்துரைத்தவரும் இவரே என்பது தமிழாசிரியர்கள் பலரும் அறியாத செய்தியாக இருக்கலாம்.) 1912இல் இது பற்றி உரையாற்றிய அவர், இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் சோதனை நடத்தத் திட்டமிட்டார். 1914இல் போர் மூண்டது, 1916இல் ராம்சே மறைந்தார், சோதனை நடைபெறவில்லை.

ராம்சேயின் திட்டத்தை 1913ஆம் ஆண்டில் 'பிராவ்தா' இதழில் லெனின் விரிவாக எடுத்துரைத்தார். தொழில்நுட்பத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாக அதனை வரவேற்ற அவர், உடனடியாக ஓர் ஐயத்தையும் எழுப்பினார். முதலாளித்துவ அமைப்பில் இக்கண்டுபிடிப்பு சுரங்கத் தொழிலாளர் பலரின் வேலையைப் பறித்து வறுமையை வளர்க்கும். பொதுவுடைமை அமைப்பிலோ வேலை நேரத்தைக் குறைத்து உழைப்பாளிக்கு ஓய்வு தரும் என்பது அவர் வாதம். அவருடைய அரசியல் தீர்வை ஏற்காதவரும், அவர் எழுப்பிய கேள்வி சரியானது என்பதை மறுப்பதற்கில்லை. பின்வரும் பகுதிகளில் அக்கேள்வி மீண்டும் மீண்டும் குறுக்கிடும்.

அதே 1913ஆம் ஆண்டில்தான் சிலாங்கூரில் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது.

ரந்தாவ் பாஞ்சாங்கிலிருந்து பத்து ஆராங் வரை

ரவாங்கிற்கு மேற்கே, அன்று ரந்தாவ் பாஞ்சாங் என வழங்கிய பகுதியில் 1908ஆம் ஆண்டில் நிலக்கரி கண்டறியப்பட்டது. ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்னும் தொழிலதிபரின் முயற்சியால் நிறுவனம் அமைந்து, 1915இல் உற்பத்தி தொடங்கியது. குவாங்கிலிருந்து சுரங்கம் வரை ரயில் கிளைப்பாதையும் இடப்பட்டது. சுரங்கத்தைச் சுற்றி உருவான ஊர் பத்து ஆராங் எனப் பெயர் பெற்றது. மலாய் மொழியில் 'பத்து' கல், 'ஆராங்' கரி. மலாய்க்காரர் அதனைக் கல்லாகக் கண்டு கற்கரி என்றனர். நாம் நிலத்தோடு சேர்த்து நிலக்கரி என்கிறோம்.

பத்து ஆராங்கில் இருந்தது மூன்றாம் ஊழியைச் சார்ந்த இளங்கரி. ஈரப்பதம் மிகுந்தது, தொலைதூரக் கப்பல் பயணத்திற்கோ இரும்பு உருக்குவதற்கோ ஏற்றதன்று. ஆனால் உள்ளூர்த் தேவைக்கு அது போதுமானதாயிருந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே அதன் முதற்பெரும் வாடிக்கையாளர் ஆயிற்று. ஈயச் சுரங்கங்கள் வாங்கின. 1927இல் கோலாலம்பூரில் இயங்கத் தொடங்கிய பங்சார் மின்நிலையம் இக்கரியையே எரித்தது. தலைநகரின் விளக்குகளும், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரயில்களும் இச்சிற்றூரைச் சார்ந்திருந்தன. 1940ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி உச்சம் தொட்டது. மூடப்படும் வரையிலான 45 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் கரி வெட்டி எடுக்கப்பட்டது.

கோல சிலாங்கூர்க் கடற்கரைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூருக்கு ஒரு ரயில் கிளைப்பாதை 1910களில் அமைக்கப்பட்டு, பொருளாதார வீழ்ச்சியின்பொழுது 1930களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ரப்பரை ஏற்றிச் செல்வதே அதன் முதன்மைப் பணி. ரப்பர் விலை விழுந்தபொழுது தண்டவாளமும் தேவையற்றதாகிவிட்டது. இன்று அவ்வட்டாரத்தில் அப்பாதையை நினைவிற்கொண்டோர் அரிதாகிவிட்டனர்.

இன்னொரு தொடர்பு வேதியியல் சார்ந்தது. மலாயன் கோலியரிஸ் கரியோடு நின்றுவிடவில்லை. பத்து ஆராங்கில் செங்கற்சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையும் நடத்தியது. 1930களில் மரத்தை மூடிய கலன்களில் காற்றுப்படாமல் சூடாக்கி அதிலிருந்து அசிட்டிக் அமிலமும் மரக்கரியும் பிரித்தெடுக்கும் ஆலையையும் அமைத்தது. ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டத்து ஆலைகள் பயன்படுத்தியவற்றுள் அசிட்டிக் அமிலமும் ஒன்று. காட்டில் வெட்டிய மரத்தைக் காற்றைக் கட்டுப்படுத்திச் சூடாக்கி வாயுவும் நீர்மமுமாகப் பிரிப்பது, கொள்கையளவில், ராம்சே நிலத்தடியில் செய்ய விரும்பியதற்கு நெருங்கிய செயலே. தரைக்கு மேல், இரும்புக் கலனுக்குள் அது இயன்றது. தரைக்குக் கீழ் எவரும் முயலவில்லை.

அஞ்சப்பட்ட தீ

பத்து ஆராங் சுரங்கத்தின் தொழில்நுட்ப வரலாற்றில் வேறெதனினும் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது தீயாகும். ஈரம் மிகுந்த இளங்கரி, வெட்டப்பட்டுக் காற்றுப்பட்டவுடன் ஆக்சிஜனை உறிஞ்சி மெல்லச் சூடாகிறது. அச்சூடு வெளியேற வழியில்லாத மூலையில், எவரும் தீ வைக்காமலே கரி தானாகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடுக்கில் முழுக் கரியையும் வெட்ட இயலாது. கூரையைத் தாங்கத் தூண்களாக ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். அத்தூண்கள் நொறுங்கும்பொழுது உண்டாகும் தூளே தீக்கு ஏற்ற உணவு. பத்து ஆராங் கரிக்கு இவ்வியல்பு மிகுதியாக இருந்தது.

வெட்டி முடித்த வெற்றிடங்களில் மணலை நீரோடு கலந்து குழாய் வழியே இறக்கி நிரப்பும் முறை இதனால்தான் அங்குக் கையாளப்பட்டது. மணல் கூரையைத் தாங்கியது. அதனினும் முதன்மையாகக் காற்றைத் தடுத்தது. தீப்பிடித்த பகுதிகள் சுவரெழுப்பி அடைக்கப்பட்டன. கரியை வெட்டுவதும் வெட்டிய இடத்தில் காற்றுப் புகாமல் காப்பதும் சமமான வேலைகளாயின. ஆழம் குறைந்த பகுதிகளில் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டப்பட்டது.

சுரங்கத் தொழிலாளி அஞ்சிய தீயும், ராம்சே விரும்பிய தீயும் வேதியியலில் வேறுபட்டவை அல்ல. அடைபட்ட சுரங்க மூலையில் குறைந்த காற்றில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடை உமிழ்கிறது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு மனிதனைக் கொல்வது. அதுவே குழாய் வழி மேலே வந்தால் எரிபொருள். காற்றின் அளவை யார் கட்டுப்படுத்துகிறார்கள், அவ்விடத்தில் மனிதர் உள்ளனரா இல்லையா என்பவையே இரண்டையும் பிரிக்கின்றன. நிலத்தடி வாயுவாக்கத்தைச் சுரங்கத் தீயின் பழக்கப்பட்ட வடிவம் எனக் கூறின் மிகையாகாது. காட்டு யானையைக் கும்கியாக்குவது போன்ற முயற்சி அது. கும்கியும் சில வேளை மதம் பிடிக்கும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்து ஆராங்கில் அது இயன்றிருக்குமா? இருந்திருக்காது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அடுக்குகள் சாய்ந்தும் பிளவுபட்டும் இருந்தன, ஆழம் குறைவு, பெரும்பகுதி ஏற்கெனவே குடையப்பட்டிருந்தது. துளைகள் நிறைந்த நிலத்தில் வாயுவை அடக்கி வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதற்கு ஒப்பாகும். அதனினும் முக்கியமான காரணம் பொருளியல் சார்ந்தது. மனித உழைப்பு மலிவாகக் கிடைத்த இடத்தில், மனிதனை விலக்கும் தொழில்நுட்பத்தைத் தேடும் தேவை முதலாளிக்கு எழவில்லை.

கூலியும் வேலைநிறுத்தமும்

அவ்வுழைப்பு யாருடையது? நிலத்தடியில் கரி வெட்டியோர் பெரும்பாலும் சீனர். அவர்கள் நிறுவனத்தின் நேரடித் தொழிலாளராக இல்லாமல், ஒப்பந்தக்காரர்களின் கீழ் வேலை செய்தனர். இந்தியத் தொழிலாளர், அவர்களுள் தமிழரே மிகுதி, பெரும்பாலும் நிலத்தின் மேற்பரப்பு வேலைகளில் அமர்த்தப்பட்டனர். இனவாரியாகப் பிரிக்கப்பட்ட இவ்வேலைப் பகிர்வு காலனித்துவ மலாயாவின் பொதுப்பண்பு. இதற்குப் பத்து ஆராங் விலக்கன்று.

இந்திய ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டு, இறுதி ஒப்பந்தங்கள் 1913உடன் முடிவுற்றன. மலாயன் கோலியரிஸ் தோன்றிய ஆண்டும் அதுவே. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்கள் இம்முறையில் வந்தவர்களாலேயே நிரம்பின. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபொழுது லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தமிழகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டனர். தேவைப்பட்டபொழுது வரவழைப்பதும், தேவையற்றபொழுது அனுப்புவதும் முதலாளிகளுக்கு இயந்திரத்தைவிட எளிதாயிருந்தன.

1936ஆம் ஆண்டு நவம்பரில் பத்து ஆராங்கில் முதல் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1937 மார்ச் மாதத்தில் நடந்தது அதனினும் பெரியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றித் தமக்குள் ஒரு நிர்வாகத்தை அமைத்துக்கொண்டனர். ரயிலும் மின்சாரமும் நின்றுவிடும் என்று அஞ்சிய அரசு, மார்ச் 27ஆம் நாள் காவல் படையை அனுப்பிச் சுரங்கத்தை மீட்டது. யோ கிம் வா என்னும் வரலாற்றாசிரியர் இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளார். அன்றைய காவல்துறைத் தலைமை இதனை ஒரு 'சோவியத்' என்றே கண்டது. உண்மையான சோவியத் நாட்டில் அதே ஆண்டுகளில், லிசிச்சான்ஸ்க், கோர்லோவ்கா ஆகிய இடங்களில், நிலத்தடி வாயுவாக்கச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. பத்து ஆராங் தொழிலாளர் தலைவர்கள் அதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் கேட்டது கூலி உயர்வும் ஒப்பந்தக்காரர் கொடுமையிலிருந்து விடுதலையும் ஆகும். நிலத்தடியிலிருந்தே விடுதலை என்று எவரும் கேட்கவில்லை. அப்படியொன்று கேட்கத்தக்கது என்னும் எண்ணமே அங்கு எட்டியிருக்காது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1941 மார்ச் முதல் மே வரை, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் எழுந்து கோல சிலாங்கூர் வரை பரவியது. தமிழ் நேசன் இதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குவது, கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி தருவது ஆகியவையும் கோரப்பட்டன. படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர், நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வரலாற்று நூல்கள் 1937ஐச் சீனர் இயக்கமாகவும் 1941ஐத் தமிழர் இயக்கமாகவும் தனித்தனி இயல்களில் வைத்துப் பேசுகின்றன. சில மணி நேரப் பயணத் தொலைவில் நிகழ்ந்த இரண்டையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வு தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. சுரங்கத்தின் மேற்பரப்பில் வேலை செய்த தமிழர், தோட்டங்களில் இருந்த தம் உறவினரிடம் 1937ஆம் ஆண்டின் செய்தியைக் கொண்டு சென்றனரா என்பது அவ்வாய்வின் முதல் வினாவாக அமையலாம்.

1960

ஜப்பானியர் ஆட்சியும் 1948இல் தொடங்கிய அவசரகாலமும் சுரங்கத்தைத் தளர்த்தின. 1948 ஜூலையில் ஆயுதமேந்திய கம்யூனிஸ்டுப் படையினர் பத்து ஆராங்கிற்குள் புகுந்து ஐவரைக் கொன்றனர். ஆனால் சுரங்கத்தை மூட வைத்தது துப்பாக்கியன்று, எண்ணெய். ரயில்வே எண்ணெய்க்கு மாறியது. 1957இல் டீசல் இயந்திரங்கள் வந்தன. 1953இல் கிள்ளான் அருகே திறக்கப்பட்ட கோனாட் பிரிட்ஜ் மின்நிலையம் கரிக்காகத் திட்டமிடப்பட்டிருந்தும் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தது. வாங்குவாரின்றி 1960ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது.

அதே காலத்தில் சோவியத் நாட்டிலும் பெரும் எரிவாயு வயல்கள் கண்டறியப்பட்டதால் நிலத்தடி வாயுவாக்கம் ஒதுக்கப்பட்டது. உஸ்பெகிஸ்தானின் ஆங்ரென் நிலையம் மட்டும் 1960களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து இயங்கியது. தோண்டி எடுத்த கரியும் தோண்டாமல் எரித்த கரியும் ஒரே போட்டியாளரிடம் தோற்றன.

1960 இன்னொரு வகையிலும் நமக்குரிய ஆண்டு. அப்பொழுது ஆங்கிலேயத் தோட்ட உரிமையாளர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று வெளியேறிக்கொண்டிருந்தனர். 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலை உங்கு அஜீஸ் ஆய்ந்து 1963இல் அறிக்கை தந்தார். வேலையும் லயமும் ஒருங்கே இழந்த தொழிலாளருக்காக வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கினார். லெனின் 1913இல் எழுப்பிய ஐயம், அவர் எண்ணிய இயந்திரத்தால் அல்லாமல், சந்தை மாற்றத்தாலும் நில விற்பனையாலும் இங்கு மெய்யாயிற்று. சுரங்கத் தொழிலாளிக்கு அத்தகைய கூட்டுறவு எதுவும் அமையவில்லை. தோட்டத்தைப் பங்கு போட்டு வாங்கலாம். குடைந்து முடித்த சுரங்கத்தை யார் வாங்குவார்?

பின்னாளைய சோதனைகள்

கைவிடப்பட்ட சிந்தனை மறையவில்லை. இங்கிலாந்தில் 1949 முதல் நியூமன் ஸ்பின்னியில் சோதனை நடந்து, இலாபமின்மையால் 1950களிலேயே முடிந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா வயோமிங் மாநிலத்தில் முயன்றது. அங்கு ஹோ கிரீக் என்னும் இடத்தில் நிலத்தடி வெற்றிடத்தின் கூரை சரிந்து, பென்சீனும் பீனாலும் நிலத்தடி நீரில் கலந்தன. வெற்றிடத்தின் அழுத்தம் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. அழுத்தம் மீறினால் வாயுவும் தாரும் வெளியே கசியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சின்சில்லா என்னும் ஊரருகே 1999 முதல் 2013 வரை சோதனை நடத்திய லிங்க் எனர்ஜி நிறுவனம், சுற்றுச்சூழலுக்குக் கடுந்தீங்கு விளைவித்ததாக 2018இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. அம்மாநிலம் 2016இலேயே இத்தொழிலுக்குத் தடை விதித்திருந்தது. கும்கி மதம் பிடித்த கதை இதுவே.

இந்தியாவில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் 2004இல் ரஷ்யாவின் ஸ்கோச்சின்ஸ்கி நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, குஜராத்தின் வஸ்தான் பகுதியை ஆராய்ந்தது. 2024 ஜூனில் ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில், காஸ்தா என்னுமிடத்தில் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆழத்தில் கிடந்து, தோண்டக் கட்டுப்படியாகாத கரியைப் பயன்படுத்துவதே இத்திட்டங்களின் நோக்கம்.

தமிழகத்தில் ஆழ்ந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரி காவிரிப் படுகையின் மன்னார்குடிப் பகுதியில் உள்ளது. அங்கு 2010இல் ஒப்பந்தமானது வாயுவாக்கம் அன்று. நிலக்கரி அடுக்கில் ஒட்டியிருக்கும் மீத்தேனை நீரிறைத்து வெளிக்கொணரும் திட்டம். மேடைகளில் இவ்விரண்டும் ஒன்றெனப் பேசப்பட்டதுண்டு. முன்னதில் கரி எரிக்கப்படுகிறது; பின்னதில் கரி அப்படியே இருக்க, நீரும் வாயுவும் மட்டும் அகற்றப்படுகின்றன. எனினும் உழவர் எதிர்ப்பின் உட்பொருள் இரண்டிற்கும் பொருந்தும். கரி யாருடையதாயினும், அதன் மேலுள்ள நிலமும் நீரும் தம்முடையவை என்றனர் அவர்கள். நம்மாழ்வார் தம் இறுதி நாள்கள் வரை, 2013 டிசம்பரில் மறையும் வரை, அவ்வெதிர்ப்பில் நின்றார். 2015இல் தமிழக அரசு அத்திட்டத்திற்குத் தடை விதித்தது. 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமியற்றப்பட்டது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் ஏல அறிவிப்பில் இடம்பெற்றபொழுதும் எதிர்ப்பெழுந்து அவை விலக்கப்பட்டன.

தஞ்சை உழவரிடம் இருந்தது நிலம். அதனால் அவர் சொல் எடுபட்டது. பத்து ஆராங் சுரங்கத் தொழிலாளிக்கும் ஜெராம் தோட்டத் தமிழருக்கும் தாம் நின்ற மண்ணில் ஒரு சாண் உரிமையும் இல்லை. லயம் தோட்டத்திற்கு உரியது. சுரங்கக் குடியிருப்பு நிறுவனத்திற்கு உரியது. வேலை போனால் கூரையும் போயிற்று. நிலத்தடியில் எது நடந்தாலும், மேலே நிற்பவரின் உரிமையைப் பொறுத்தே அதன் விளைவு அமைகிறது என்பதைக் காவிரிப் படுகையையும் வட சிலாங்கூரையும் ஒப்பிட்டு அறியலாம். தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் குழாய்களையும் அழுத்தத்தையும் கணக்கிடுவதோடு நில உரிமைப் பத்திரங்களையும் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

மீண்டும் கடற்கரையில்

பத்து ஆராங்கில் பழைய திறந்தவெளிக் குழிகள் இன்று நீர் நிறைந்த குளங்களாக உள்ளன. புகைபோக்கிகளும் செங்கற்கட்டடங்களும் சில எஞ்சியுள்ளன. ஊரின் அடியில் சுரங்க வழிகள் செல்வதால், எங்கு எதைக் கட்டலாம் என்பதே அங்கு இன்றும் ஒரு சிக்கல். கரியை எடுத்துப் பல பத்தாண்டுகள் கழிந்தும், அதன் வெற்றிடம் ஊரை ஆள்கிறது.

ஜெராமுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், காப்பார்க் கடலோரத்தில் சுல்தான் சலாவுதீன் அப்துல் அஜீஸ் மின்நிலையம் உள்ளது. 1980களில் இயங்கத் தொடங்கி, 2000களின் தொடக்கத்தில் 2,420 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த அந்நிலையத்திற்கான கரி, இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்திறங்குவது. பத்து ஆராங்கின் கரியைக் கைவிட்ட சிலாங்கூர், முப்பது ஆண்டுகளுக்குள் அயலார் தோண்டிய கரிக்குத் திரும்பியது. இக்கட்டுரையாளரின் பள்ளிப் பருவத்தில், பால்வெட்டு முடிந்து செம்பனை நடப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில், அதன் புகைபோக்கிகள் தென்வானில் தெரிந்தன. தோட்டத்து மூத்தோர் சிலர் அதன் கட்டுமானத்தில் நாட்கூலிக்குச் சென்று வந்தனர். அங்கு எரிந்த கரியை எந்த ஊரில் எவர் வெட்டினர் என்று அவர்கள் கேட்டதாக நினைவில்லை. அப்படிக் கேட்க எங்களுக்கும் அன்று எவரும் கற்றுத் தரவில்லை. ரவாங் பக்கம் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்ற ஒருமுறை, பேருந்துச் சன்னல் வழியே பத்து ஆராங் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, கரியாலான ஓர் ஊரா என்று அருகிருந்த பெரியப்பாவிடம் கேட்டதுண்டு. அங்கே முன்பு நம்மவர்களும் வேலை பார்த்தார்கள் என்றார். எந்த வேலை என்று கேட்பதற்குள் பேருந்து கடந்துவிட்டது.